எட்டாம் எண்ணின் கட்டைவிரல்

“அம்மா, நம்மளையும் யாராவது உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா நாமளும் அசிங்கமாத்தான் தெரிவோமா?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அடுப்படியில் அப்பா ஒரு கரண்டி குழம்பை எடுத்து, ஊதி, உறிஞ்சிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியைத் திரும்பவும் பாத்திரத்துக்குள் விட்டுக் கலக்கினார். அதைப் பார்த்த அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“ஏன், என் வாயில என்ன விஷமா இருக்கு?” என்றார் அவர். குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர். “சொல்லும்மா, இப்ப எனக்குச் சிவப்பா, பச்சையா?”

“உங்களுக்கெல்லாம் சிவப்புதாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சிவப்புதான்.”

அப்போதுதான் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல், “சாப்பிடும்போது பேசாதே” என்று சொல்லிவிட்டு அம்மா கை கழுவப் போய்விட்டாள். அன்று அது ஐந்தாவது தடவை.

அம்மாவுக்கு வேலை செய்யும் இடத்தில் பருந்து என்று பெயர். பல்கலைக்கழகத்தில், மனிதர்களின் அன்றாடப் பழக்கங்களை ஆராயும் துறையில், மூன்றாம் மாடி மூலை அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பது அவள் வேலை. சினிமாப் படம் இல்லை. மாணவர் விடுதிச் சமையலறையின் கூரையில் பொருத்தியிருந்த நான்கு கேமராக்கள் பதிவு செய்த படம். ஒன்பது பணியாளர்கள், ஒவ்வொருவர் தொப்பியிலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண். பெயர் கிடையாது. கை வாய்க்கோ மூக்குக்கோ தலைக்கோ குப்பைக்கோ போய்விட்டு, கழுவாமல் உணவைத் தொட்டால் சிவப்புப் பொத்தான். கழுவிவிட்டுத் தொட்டால் பச்சை. எந்த நொடியில் அமுக்கினாள் என்பதைக் கணினி தானே குறித்துக்கொள்ளும்.

பேராசிரியருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். யோசிக்காமலே கை செய்கிற காரியத்தை, கண்ணுக்கு ஓர் அடையாளம் காட்டி மாற்ற முடியுமா? முதல் ஆறு வாரம் சும்மா பார்த்தார்கள். ஏழாவது வாரம், மேசைகளிலிருந்து கழுவுதொட்டி வரைக்கும் தரையில் மஞ்சள் நிறத்தில் பாதங்களை ஒட்டினார்கள். பிறகு பத்து வாரம் பார்த்தார்கள். பார்த்தது முழுக்கப் பருந்துதான்.

என்னவெல்லாம் பார்த்தாள்! இரண்டாம் எண்ணுக்குக் கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டுச் சொறிவது பழக்கம். சொறிந்த விரலை மூக்கருகே கொண்டுபோய், நேற்றைய வாசனை இன்னும் இருக்கிறதா என்று சோதிப்பவர் போல மோந்து பார்த்துவிட்டு, மாவுக்குள் விடுவார். ஐந்தாம் எண் பெட்டிச் சாவியால் காது குடைந்து, வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேலங்கியில் தடவுவார். ஏழாம் எண் உள்ளங்கைக்குள் தும்மிவிட்டு, கடிதம் வந்தது போல அதை ஒரு நிமிடம் படித்து, அலமாரிக் கதவில் துடைப்பார். மூன்றாம் எண் தரையில் உருண்ட உருளைக்கிழங்கை எடுத்து ஒரு ஊது ஊதிப் பாத்திரத்தில் போடுவார். அந்த ஊதல் ஒரு மந்திரம். ஊதிவிட்டால் தரையே இல்லாமல் போய்விடும் அவருக்கு. தரையைத் துடைத்த துணி மேசைக்கு வரும். மேசையைத் துடைத்தது முகத்துக்குப் போகும். முகத்தைத் துடைத்தது தட்டுக்கு வரும்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. கேலி பேசி, பாட்டு முணுமுணுத்து, ஒருவர் சுமையை ஒருவர் வாங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். பருந்துக்கு அது தெரியவில்லை. அவள் விரல்களை மட்டும் பார்த்தாள்.

எல்லோரையும் விட அவளுக்குக் குமட்டியது எட்டாம் எண். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. விடுதிப் பிள்ளைகள் மதியத்துக்கு எடுத்துப்போகும் ரொட்டியைக் காகிதப் பைகளில் போடுவது அவர் பொறுப்பு. ஒரு நாளைக்கு நானூறு பைகள். புதுப் பை ஒட்டிக்கொண்டு இருக்கும், பிரிய வேண்டுமே. நாக்கை நீட்டி, கட்டைவிரலைத் தொட்டு, பையைப் பிரித்து, அதே கையால் ரொட்டியை எடுத்து உள்ளே வைப்பார். நாக்கு, கட்டைவிரல், பை, ரொட்டி. நாக்கு, கட்டைவிரல், பை, ரொட்டி. அந்த நாக்கின் நுனி வெளியே வருவதும் போவதும் பருந்தின் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டது. ஏதோ பிராணி வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கும். வீட்டில் மகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டும்போதுகூட, இந்தப் பக்கத்தை எந்த எச்சில் தொட்டதோ என்று தோன்றும்.

பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் முழங்கையை மாட்டிக்கொண்டு நின்றாள். கைகுலுக்க வந்தவரிடம் இருமுவது போல நடித்தாள். கடவுளைத் தேடிப் போன இடத்தில், கண்ணை மூடாமல் பக்கத்தில் நின்றவரின் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனிதப் பிறவியே ஓயாமல் எதையாவது நோண்டுகிற, நக்குகிற, தடவுகிற ஒன்றாக அவளுக்குத் தெரிந்தது.

இப்படியிருக்கும்போது விடுதியில் முப்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. விடுதிக் காப்பாளர் மூச்சிரைக்க மூன்றாம் மாடி ஏறி வந்தார்.

“சார், உங்ககிட்டதான் எல்லாம் படமா இருக்கே! யாரு கை கழுவறதில்லைன்னு சொன்னா போதும்.”

“அது முடியாதுங்க,” என்றார் பேராசிரியர். “எண் மட்டும்தான், ஆளைக் காட்டிக் கொடுக்க மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம்.”

“எண்ணையே குடுங்க சார். ஆளை நான் பார்த்துக்கறேன்.”

பேராசிரியர் பேனா மூடியைக் கடித்தபடி ஜன்னல் பக்கம் பார்த்தார். விடுதி அனுமதி கொடுக்காமல் போனால் அடுத்த ஆண்டு ஆராய்ச்சி இல்லை. எண்ணைக் கொடுத்தார். பட்டியலில் எட்டுக்கு நேரே இருந்த சிவப்பு, மற்ற எட்டுப் பேரின் சிவப்பையும் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருந்தது.

நல்லா வேணும் என்று பருந்து நினைத்தாள். அன்று மதியம் மாதக்கணக்கில் முதல்முறையாக, கொண்டுவந்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் குறித்ததை அப்படியே நம்பக் கூடாது. பத்தில் ஒரு பங்குப் படத்தை இன்னொருவர் தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு செல்லும். அந்த இன்னொருவர், நூலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். குளிர்சாதனம் ஓடத் தொடங்கினாலே வரிசையாக ஏழு தும்மல் போடுவார் என்பதால் அவருக்குத் தும்மலண்ணன் என்று பெயர். கண்புரை அறுவைக்காக ஐந்து வாரம் விடுப்பில் போயிருந்தார். அவர் பார்க்க வேண்டிய பங்கு பார்க்கப்படாமல் கிடந்தபோதே பட்டியல் காப்பாளர் கைக்குப் போய்விட்டது.

அவர் திரும்பி வந்த நான்காம் நாள் கூப்பிட்டார்.

“பருந்தம்மா, இங்க கொஞ்சம் வாங்க. எட்டுல நீங்களும் நானும் ஒத்துப்போகலை.”

“எந்த வாரம்ணே?”

“எட்டு வாரம் வரைக்கும் கச்சிதம். ஒன்பதாவது வாரத்துலேர்ந்து எங்கேயுமே ஒத்துப்போகலை. உங்களுக்கு எல்லாம் சிவப்பு. எனக்கு எல்லாம் பச்சை.”

“கண்ணுல போட்ட கட்டை டாக்டர் பிரிக்க மறந்துட்டாரா?”

“ஏம்மா, நக்கலா? இது புதுக் கண்ணு. முப்பது வருஷமா எங்க வீட்டுச் சுவர் பச்சைன்னு நெனைச்சிட்டிருந்தேன். நீலமாம்! அவ்வளவு தெளிவு.” சொல்லிவிட்டு ஏழு தும்மலையும் போட்டு முடித்தார். “நீங்களே ஒரு தடவை பார்த்துருங்க. நான் தப்புன்னா ஒத்துக்கறேன். எனக்கென்ன, வயசாயிடுச்சு.”

அவர் தவறு என்று காட்டத்தான் பருந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. எட்டாம் எண் தொட்டியில் கை கழுவினார், துண்டில் துடைத்தார், ரொட்டி மேசைக்கு வந்தார். மேசை ஓரத்தில், தூணின் நிழலில், ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஈரப் பஞ்சு. கட்டைவிரல் பஞ்சுக்குப் போயிற்று. பை பிரிந்தது. ரொட்டி உள்ளே போயிற்று. பஞ்சு, பை, ரொட்டி. பஞ்சு, பை, ரொட்டி. நாக்கு வரவே இல்லை. ஒரே ஒரு தடவை, பழக்க தோஷத்தில் கை உதடு வரைக்கும் போயிற்று. எட்டாம் எண் இடக் கையால் வலக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டு, தொட்டிக்கு நடந்து போய், மறுபடி கழுவிக்கொண்டு வந்தார். யாரும் பார்க்கவில்லை. தன்னைத் தானே அடித்துக்கொண்டதற்காக அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது போல, தோள் குலுங்கியது.

அந்த இடத்திலும் பருந்து சிவப்புதான் போட்டிருந்தாள்.

அவள் படத்தை நிறுத்தி, தான் குறித்த நேரங்களைப் பக்கத்தில் திறந்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தாள். பை மேசைக்கு வருகிறது, சிவப்பு விழுகிறது, அதற்குப் பிறகுதான் எட்டாம் எண்ணின் கை அசையவே தொடங்குகிறது. அடுத்த பை. சிவப்பு, பிறகு கை. அடுத்ததும் அப்படியே. கை எங்கே போகப் போகிறது என்று தெரிவதற்கு முன்பே அவள் விரல் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது. ஒரு நாளைக்கு நானூறு பை. எட்டு வாரம் சரியாக அமுக்கிய விரல், அதன்பின் பார்ப்பதை நிறுத்திவிட்டது. அமுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

பிறர் பழக்கத்தை எண்ண உட்கார்ந்தவளின் விரலில் ஒரு பழக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகம் வெட்டி, சுத்தமாக, சோப்பு வாசனையோடு இருந்தது. ஏழாம் எண்ணின் உள்ளங்கையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் அவளுக்கு அப்போது வந்தது.

“என்ன பருந்தம்மா, யாரு தப்பு?” என்றார் தும்மலண்ணன்.

“என் தப்புதாண்ணே,” என்றாள். அவர் தன் குடுவையிலிருந்து தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் வாய் வைத்த மூடிக் கோப்பை. அவள் அதைக் குடித்தாளா இல்லையா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குடித்தாள்.

படம் பார்ப்பவர்கள் சமையலறைக்குப் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. அன்று மதியம் அதை மீறினாள். ஆராய்ச்சி முடிந்து கேமராக்களைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள்; மஞ்சள் பாதங்கள் தேய்ந்து பாதி உரிந்து கிடந்தன. ரொட்டி மேசையில் ஐந்தாம் எண் நின்றுகொண்டிருந்தார். கை விரலை நக்கிப் பை பிரித்துக்கொண்டிருந்தார்.

“ரொட்டி போடுற அம்மா இல்லையா?” என்று பருந்து கேட்டாள்.

“பை அக்காவா? அவங்க கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிட்டாங்களே! பின்னாடி டிரம்கிட்ட இருப்பாங்க. போங்க, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க.” உள்ளே யாரோ சிரித்தார்கள். “அந்தக்கா தண்ணி குடுத்தா குடிச்சிராதீங்க, எச்சி ஸ்பெஷல்!” என்று இன்னொரு குரல் வந்தது.

பின்கட்டில், சுவரோரம், இடுப்பளவு உயரத்தில் ஆறு பீப்பாய்கள். விடுதியின் மிச்சம் மீதியெல்லாம் அவற்றில்தான் சேரும். மதியம் இரண்டரைக்கு ஒரு வண்டி வந்து கழிவை அள்ளிக்கொண்டு போகும். பீப்பாயைக் கழுவுவது இங்கே உள்ளவர்கள் வேலை. யாராவது தப்புச் செய்தால் அவர்கள் தலையில் விழும் வேலை. அந்தக் காற்றில் புளித்த பாலும் அழுகிய முட்டைக்கோசும் ஊறிய ரொட்டியும் கலந்து, நாக்கில் படிவது போல ஒரு நாற்றம். எட்டாம் எண் முந்தைய நாள் மிச்சப்பட்ட ஒரு பீப்பாய்க்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஏதோ சிதறி ஒட்டியிருந்தது.

படத்தில் மேலிருந்து பார்த்த ஆளை நேருக்கு நேர் பார்த்ததும், பருந்துக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. படத்தில் கண் இல்லை. இங்கே இருந்தது.

“யாரும்மா நீங்க? ஆபீஸ்லேர்ந்தா?”

“ஆமாங்க. பக்கத்துக் கட்டடம்.” அவள் கண் பீப்பாய்மேல் போயிற்று. “உங்களை ஏன் இங்க போட்டாங்க?”

“விரலை நக்கிட்டு ரொட்டி எடுக்கறேனாம். உண்மைதான்மா. முப்பது வருஷப் பழக்கம். நானும் அதை ஒரு விஷயமாவே நெனைச்சதில்லை. அப்புறம் தரையில மஞ்சளா பாதம் ஒட்டினாங்க. என்னடா, பச்சைப் புள்ளைக்கு ஒட்டுற மாதிரின்னு முதல்ல சிரிச்சேன். ரெண்டு வாரம் போனதும் வெட்கமா போச்சு. அம்பது பேரைப் பெத்திருந்தா அவங்களுக்கு இப்படி எச்சில் பண்ணிக் குடுப்பேனா? பஞ்சு வெச்சுக்கிட்டேன். கை என்னமோ வாய்க்குத்தான் ஓடும். அடிச்சு அடிச்சுத் திருத்தினேன்.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “திருத்திட்டேன்னுதான் நெனைச்சேன்.”

“திருந்தலையா?”

“எப்படித் திருந்தியிருக்கும்? படம் புடிச்சுப் பார்த்திருக்காங்களே! நாள் தவறாம வாயில வெச்சேன்னு கணக்கு வந்திருக்கு. படிச்சவங்க பொய் சொல்லுவாங்களா? எனக்கே தெரியாம என் கை வாய்க்குப் போயிருக்கு, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு, நான்தான் ஊட்டணும். இதைக் கேட்டதுலேர்ந்து கையால ஊட்டறதை விட்டுட்டேன். கரண்டிதான். அவருக்குக் கரண்டி பிடிக்கலை, முகத்தைத் திருப்பிக்கறார். இருந்தாலும் என் கையை என்னால நம்ப முடியலையே!” மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டார். “இந்த மாசத்தோட வேலையும் இல்லைன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை விடுதிக் கமிட்டி கூடி எழுத்துல குடுப்பாங்களாம். நில்லுங்கம்மா, உங்க செருப்புல தெறிச்சிருச்சு.”

பருந்து தடுப்பதற்குள் அவர் குனிந்து, ஒரு கை தண்ணீர் எடுத்து அவள் செருப்பைக் கழுவிவிட்டார்.

பேராசிரியர் அறைக்கு அவள் போனபோது அவர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் பழக்கம் மாறுவதில்லை என்பது அவர் முடிவு. பருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவர் பேனா மூடியைக் கடித்தார்.

“எட்டை மட்டும் எடுத்துடுவோம்,” என்றார் கடைசியில். “ஒன்பது பேர் எட்டுப் பேரா ஆகட்டும். கட்டுரைக்கு ஒண்ணும் ஆகாது.”

“அந்த அம்மா வேலை, சார்?”

“அது காப்பாளர் முடிவு. நாம யாரையும் வேலையை விட்டு எடுக்கச் சொல்லலை.”

“எண்ணைக் குடுத்தோமே சார்.”

அவர் கட்டுரைத் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

“மாறினது அவங்க ஒருத்தர்தான் சார். நீங்க ஒட்டின பாதத்தைப் பார்த்து, தன்னைத் தானே அடிச்சுக்கிட்டு மாறினாங்க. நாம தேடினதே அந்த ஒருத்தரைத்தான். நான்தான் பார்க்காம விட்டேன்.” கொண்டுவந்த தாளை மேசைமேல் வைத்தாள். “கமிட்டிக்கு எழுதியிருக்கேன். கருவி பழுதுன்னு எழுதலை. பார்த்தவள் பிழைன்னு என் பேர் போட்டு எழுதியிருக்கேன். நீங்களும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுபடும்.”

“இது போச்சுன்னா உங்களை அடுத்த வருஷம் வெச்சுக்க முடியாது, தெரியுமில்ல? தப்பாக் குறிச்சவங்கன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. நான் இன்னும் ஒரு வருஷம் மறுபடி எல்லாத்தையும் பார்க்கணும்.”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏம்மா? ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு ஆள்.”

பருந்து அவர் கையைப் பார்த்தாள். இத்தனை நாள் எதையெல்லாம் அருவருப்போடு பார்த்தாளோ, அதே கண்தான். ஆனால் குரல் தணிந்திருந்தது.

“சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க இப்ப பேனா மூடியைக் கடிக்கறீங்க. உங்களுக்குத் தெரியுதா?”

அவர் மூடியை எடுத்துப் பார்த்தார். நாய் மென்ற எலும்பு போல இருந்தது அது, எச்சில் பளபளத்தது. அந்த மூடியை அவர் முதன்முறையாகப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்தது. கைக்குட்டையால் துடைத்தார், துடைத்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். பிறகு மூடி இல்லாத பேனாவால் அவள் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, “சரிபார்க்கும் முன்பே பட்டியலைக் கொடுத்தது என் பிழை” என்று தன் கைப்பட ஒரு வரியும் சேர்த்தார்.

கடிதம் திங்கட்கிழமை மாலை காப்பாளரிடம் போயிற்று. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன் என்றார் அவர். அதுவரை பை அக்கா பின்கட்டில்தான் இருக்க வேண்டும், நடைமுறை அப்படி என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம், பருந்து தும்மலண்ணனிடம் ஒரு மணி நேரம் வெளியே போய் வருவதாகச் சொன்னாள். சமையலறை ஆட்கள் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஓய்வுக்குப் போய்விடுவார்கள் என்பது பதினாறு வாரம் படம் பார்த்த அவளுக்குத் தெரியும். கழிவு வண்டி போன பிறகு பின்கட்டில் ஓர் ஈ காக்கை இராது. எட்டாம் எண் தன் கணவருக்கு ஊட்ட வீட்டுக்குப் போயிருந்தார்.

முதல் பீப்பாயின் மூடியைத் திறந்ததும் அவள் சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். உள்சுவரில் விரல் கனத்துக்குக் கொழுப்பு படிந்திருந்தது. மேலே பழுப்பாகவும் கீழே பச்சையாகவும். அதில் முடி, முட்டை ஓடு, கடித்துத் துப்பிய சதை, யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம். அடியில் தேங்கியிருந்ததில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. “கடவுளே” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, கையை உள்ளே விட்டாள். தேய்க்கத் தேய்க்க அது நழுவிக் கையில் ஏறியது. முழங்கை வரைக்கும், பிறகு அதற்கும் மேலே. நான்கு பீப்பாய் முடிவதற்குள் நேரமாகிவிட்டது. மிச்சம் இரண்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

புதன்கிழமை ஆறையும் முடித்தாள். அன்று ஒரு தடவைதான் குமட்டியது. வியாழக்கிழமை பீப்பாயின் அடியில் ஒரு கடிபட்ட ரொட்டித் துண்டைப் பார்த்தாள். பல்லின் வரிசை அழகாகப் பதிந்திருந்தது. ஏதோ ஒரு பிள்ளைக்குப் பசியில்லாத நாள் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. எச்சில் என்று தோன்றியது அதற்குப் பிறகுதான்.

மூன்று நாளும் வீட்டில் அவள்மேல் வாடை அடித்தது. “எங்கேம்மா போய் விழுந்தே?” என்று கணவர் கேட்டார். வழுக்கிவிட்டது என்றாள். அவர் வெந்நீர் போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி முடிந்தது. கணக்கில் பிழை, வேலை நீக்கம் இல்லை, சனிக்கிழமையிலிருந்து பழையபடி ரொட்டி மேசை என்று எட்டாம் எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். யார் பிழை என்று அவருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. “அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டாராம். சரியாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அழுதுவிட்டு, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பேராசிரியர் பருந்தின் மேசைக்கு வந்து இவ்வளவையும் நின்றபடியே சொல்லிவிட்டு, “இந்த மாசக் கடைசி வரைக்கும் நீங்க இருக்கலாம்,” என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமையிலிருந்துதானே மேசை. வெள்ளிக்கிழமைப் பீப்பாய்கள் இருந்தன.

இரண்டே முக்காலுக்கு அவள் பின்கட்டுக்குப் போனாள். வண்டி போயிருந்தது. குழாயடித் திண்டின்மேல், நேற்று வரை இல்லாத ஒன்று இருந்தது: ரப்பர் கையுறை ஒரு ஜோடி. பழையதுதான், ஒரு விரலில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்தது. கழுவி, காயவைத்து, உள்ளே மாவு தூவி, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தது. மூன்று நாளாகப் பீப்பாய்களைத் தேய்த்து வைக்கும், யாரென்று தெரியாத யாருக்கோ.

பருந்து சுற்றிலும் பார்த்தாள். எவரும் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டாள், அவளுக்குப் பெரிதாக இருந்தது. ஆறு பீப்பாய்களையும் தேய்த்தாள். ஒவ்வொன்றையும் மூன்று தண்ணீர் விட்டு அலசி, நீர் வடிய வெயிலில் கவிழ்த்தாள். கடைசியில் கையுறைகளை உள்ளும் புறமும் கழுவி, குழாயின்மேல் விரல் கீழே தொங்கும்படி காயப் போட்டுவிட்டு, மூன்றேமுக்காலுக்குப் பின்வாசல் வழியாக வெளியே போனாள்.